வால்பாறைக்குப் போன அரசாணிக்கொடி

திருப்பூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு காம்பவுண்டில், வரிசை வீடுகள் எட்டுக்கும் பொதுவான மொட்டை மாடியில் மயிலாத்தா வளர்த்த கத்தரிச்செடி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் காயைத் தர மாட்டேன் என்றது. காம்பைப் பிடித்துத் திருகினாள். காம்பு அவள் கையோடு சேர்ந்து திருகிக்கொடுத்து, விட்டதும் பழையபடி நின்றது. இழுத்தாள், செடியும் வந்தது, செடி இருந்த பெயிண்ட் வாளியும் வந்தது, வாளிக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லும் உருண்டு வந்தது, காய் மட்டும் வரவில்லை. கத்தி எடுத்து வந்தாள், அது வழுக்கியது. அரிவாள்மணையை மாடிக்குத் தூக்கி வந்தாள், அதுவும் வழுக்கியது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அவள் புருஷன் வெள்ளிங்கிரி, அடுக்கடுக்காய் விரித்த துணியை ஒரே ஓட்டில் அறுக்கும் மெஷினைக் கேட்டு வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தார். பிளேடு சூடேறிப் புகைந்தது, காம்பில் ஒரு கீறல் விழவில்லை.

"நல்ல காம்பு" என்று சொல்லிவிட்டு அவர் மெஷினைத் துடைத்துப் பையில் வைத்தார்.

மயிலாத்தாவுக்கு வெசனம் பிடித்துக்கொண்டது. வெசனப்பட அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. நல்ல தண்ணி வராத நாளில் வரவில்லையே என்றும், வந்த நாளில் இவ்வளவு வேகமாக வருகிறதே குழாய் பிய்த்துக்கொள்ளுமோ என்றும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள். கடைக்காயெல்லாம் மருந்தில் குளித்து வருகிறது என்று யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து, தன் ஒரே மகள் மேகலாவுக்கு அதை ஆக்கிப்போட அவளுக்குக் கை வரவில்லை. அதனால்தான் இந்த மாடித் தோட்டமே. பெயிண்ட் வாளி, மீன்காரர் கழித்த தெர்மாகோல் பெட்டி, சிமெண்ட் சாக்கு என்று கிடைத்ததிலெல்லாம் மண் நிரப்பி, புருஷன் கொண்டுவரும் பனியன் வேஸ்ட் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடிகளை ஏற்றிக்கட்டி, கத்தரியும் வெண்டையும் பீர்க்கனும் அவரையும், மஞ்சள் சதை வைத்து உருண்டு திரண்டு காய்க்கும் அரசாணி என்கிற பரங்கியும் போட்டாள். மீன்கடையில் வீசுகிற தலையையும் குடலையும் வாங்கி வந்து, அதே எடைக்கு நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து, காற்றுப் புகாமல் பெரிய வாளியில் மூடி வைத்தாள். நாளாக நாளாக அது தேன் நிறத்தில் கசிந்து, திறந்தால் பழுத்த பலாவைப் போல் மணத்தது. பூ உதிராமலிருக்கப் புளித்த மோரில் அரப்புத்தூளைக் கரைத்து ஊறவைத்த கரைசல் தனி. தலைக்குத் தேய்க்கிற அரப்பைச் செடிக்கு வார்க்கிறாளே என்று காம்பவுண்டே சிரித்தது.

ஒரு வாளித் தண்ணிக்கு மீன் கரைசல் ஒரு மூடி. சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்ன அளவு அதுதான். மயிலாத்தா ஒரு மூடி ஊற்றுவாள், செடியைப் பார்ப்பாள், இலை கொஞ்சம் வெளிறினாற்போல் தெரியும், இன்னொரு மூடி ஊற்றுவாள், வெயில் ஏறுகிறதே என்று இன்னொன்று, நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் இதுகள் என்ன செய்யும் என்று இன்னொன்று. செடிகள் வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் குடித்தன.

மாடிக்குத் துணி காயப்போட வந்த மூன்றாம் வீட்டு ஹசீனா, மயிலாத்தா கத்தியும் கையுமாகக் கத்தரிச்செடி முன்னால் குந்தியிருப்பதைப் பார்த்தாள்.

"என்னக்கா, செடிய மெரட்டறீங்களா?"

"ஒண்ணும் வரமாட்டேங்குது ஹசீனா. கத்திரி, வெண்டை, எதுவுமே. எந்தக் கைப்பக்குவத்துல தப்புனேன்னு தெரீல."

ஹசீனா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து ஒரு காயை இழுத்துப் பார்த்தாள். "அது அடுப்புக்கு வர்லீன்னா அடுப்பு அதுகிட்டப் போவட்டும். இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க" என்றாள்.

சின்ன கேஸ் அடுப்பு மாடி ஏறியது. வாணலியில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்ததும் கத்தரிக்கிளையை வளைத்து, காய்களை மட்டும் வாணலிக்குள் இறக்கினார்கள். காய் வெந்தது, கிளை வேகவில்லை. ஆவிபட்ட இலைகள் குளித்து வந்தவைபோல் நின்றன. செடியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, சோற்றுக் கவளத்தோடு செடியிலிருந்தே கிள்ளிக் கிள்ளித் தின்றார்கள். பறித்துப் போகத்தான் காய் விடவில்லை, அங்கேயே உட்கார்ந்து தின்கிறவர்களின் விரலுக்கு வெண்ணெய்போல் வந்தது. தின்று முடித்த இடத்தில் காம்பு மட்டும் நின்றது, சில நாளில் அதே காம்பில் மறுபடி பிஞ்சு வைத்தது.

அதற்குப் பிறகு காம்பவுண்டு அந்தக் காய்களோடு வாழக் கற்றுக்கொண்டது. பாத்திரக்கடைக்காரர் ஒரு பக்கம் கொடி நுழையப் பிறை போல வெட்டிய மூடிகளை அடித்து விற்கத் தொடங்கினார், அதற்கு மயிலாத்தா மூடி என்றே பெயர் வந்தது. பீர்க்கன் கொடியை ஒன்றாம் வீட்டு ஜன்னல் வழியே இறக்கினார்கள், அவரைக்கொடியை மூன்றாம் வீட்டுப் புகைபோக்கி வழியே இறக்கினார்கள், எல்லாவற்றிலும் நீளமான அரசாணிக்கொடியை ஒரு வீட்டு அடுப்பங்கரையில் நுழைத்து மறு வீட்டு அடுப்பங்கரையில் எடுத்து, எட்டு வீடுகளையும் ஒரே நூலில் கோத்ததுபோல் சுற்றவிட்டு மறுபடி மாடிக்கே ஏற்றினார்கள். சமைக்கும்போது பெண்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொடிக்கு வழிவிட்டுப் பழகினார்கள், வேறு ஊருக்குப் போன இடத்திலும் கொடியில்லாத அடுப்பின் முன் தலையைச் சாய்த்தே நின்றார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குப் பை நிறையக் காய் கொடுத்தனுப்ப வழியில்லாமல் போனதால், வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து தின்றுவிட்டே போனார்கள், வாசலோடு போகிற உறவு என்று ஒன்று அங்கே இல்லாமல் ஆயிற்று. நோன்பு மாதத்தில் ஹசீனா வீட்டுக் கஞ்சிச் சட்டிக்குள் எட்டிப் பார்த்த அவரைக்கொடியை யாரும் விலக்கவில்லை. ஐந்தாம் வீட்டு ஜெயமணி மட்டும், தனக்கு வந்த கொடியில் பூவே இல்லை என்றும் ஹசீனா கொடியில் கொத்துக் கொத்தாய் இருக்கிறது என்றும் குழாயடியில் குறைபட்டாள்.

"நீ கொடிகிட்ட என்னைக்காச்சும் சிரிச்சுப் பேசியிருக்கியா? பூ எப்புடி வைக்கும்?" என்றாள் ஹசீனா.

வீட்டுக்கார அம்மா ராஜாமணி சுவரெல்லாம் பாசி பிடிக்கும் என்று சத்தம் போட வந்தாள். அவளை உட்கார வைத்து வெண்டைக்காய் வதக்கிப் போட்டார்கள். போகும்போது, சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கும் ஒரு கொடியைத் தள்ளிவிட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த நிலையில்தான் மேகலாவுக்கு வேலை வந்தது. வேகாத வெயிலில் நடைத்தேர்வு நடந்து, வனக்காவலர் வேலைக்குத் தேர்வாகி, வால்பாறையில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். மேகலா அதைச் சொன்னபோது மயிலாத்தா பீர்க்கங்காய்க்கு நகத்தால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள், காய் பாதி உரித்தபடியே கொடியில் ஆடியது.

"அங்க சிறுத்தை இருக்குதாமா."

"இருக்கும்மா. அதப் பாத்துக்கறதுக்குத்தா என்னைக் கூப்புட்டிருக்காங்க."

"மழை பேஞ்சா அட்டை கடிக்குமாமா."

"கடிக்கும். உப்பு வெச்சா விட்டுரும்."

"சோத்துக்கு?"

"நானே ஆக்கிக்குவேன்."

"எந்தக் காய வெச்சு?"

மேகலா ஆடிக்கொண்டிருந்த காயைப் பிடித்து நிறுத்தினாள். மயிலாத்தா போகாதே என்று சொல்லவில்லை. மகள் ராத்திரியும் பகலும் படித்ததும், கால் கொப்புளம் உடைந்து நடந்ததும் அவளுக்குத் தெரியாததில்லை. "மாடில ஒரு அரசாணிக்கா உனக்குன்னே உட்டிருக்கறேன் கண்ணு. அது முத்தட்டும். அத எடுத்துட்டுப் போ. வெறுங்கையோட போவாத" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் காம்பவுண்டிலிருந்து ஒரு காயையும் எடுத்துப்போக முடியாது என்பது சந்து முனை டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். மேகலாவுக்கும் தெரியும். எல்லாரையும்விட மயிலாத்தாவுக்குத் தெரியும். அவள் காலையில் ஊற்றினாள், மதியம் ஊற்றினாள், பொழுது சாய்கையிலும் போய் ஊற்றினாள். கைப்பிடிச்சுவரில் பனியன் துணித் தொட்டிலில் கிடந்த அரசாணிக்காய் குடம் அளவாகி, வரி வரியாகப் புடைத்து, மேலே சாம்பல் பூத்தது.

"ஏம்புள்ள, அது வராதுன்னு உனக்குத் தெரியுமல்லோ?" என்றார் வெள்ளிங்கிரி.

"முத்துனா வரும்."

"நீ வெக்கற வெப்புக்கு அது முத்துனாலும் வராது. நல்லாத் திங்கற எடத்த உட்டு எவன் போவான்?"

அன்றைக்கு அவருக்கு வெறும் சோற்றைத்தான் போட்டாள்.

சேர வேண்டிய நாள் காலையில் மேகலா பையை மாட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். குளித்த தலை காயவில்லை. காயைப் பிடித்து ஒருமுறை திருகிப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா வெண்டைச்செடியில் இல்லாத பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள். மேகலா துணித்தொட்டிலோடு காயைத் தூக்கி, குழந்தையை வைப்பதுபோல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கொடியோடயே எடுத்துட்டுப் போறேன்."

"கிறுக்கா உனக்கு?"

"நீதானம்மா எடுத்துட்டுப் போன்னே."

அவள் படியிறங்கினாள். கொடி அவள் பின்னால் இறங்கியது. காம்பவுண்டுப் பெண்கள் ஒன்றும் கேட்காமல் அவரவர் அடுப்பங்கரைக்கு ஓடி, ஜன்னல் கம்பியில் சுருண்டிருந்த பற்றுக்கம்பிகளை நகத்தால் பிரித்து, அலமாரியில் படர்ந்ததை எடுத்து, தங்கள் வீட்டுச் சுற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். ஜெயமணி வீட்டுப் பங்குதான் கடைசியில் வந்தது, அதில் அன்று காலைதான் ஒரு பூ வைத்திருந்தது, அவள் அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். எட்டு வீட்டுச் சுற்றும் அவிழ்ந்து முடிந்தபோது மேகலா சந்து முனையில் இருந்தாள். அங்கே கொடி விறைத்துக்கொண்டது. அவளால் மேற்கொண்டு ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை.

வெள்ளிங்கிரி சந்திலிருந்து மாடியைப் பார்த்துக் கத்தினார். "மயிலு! ஊத்து!"

பழக்கதோஷத்தில் மயிலாத்தா ஊற்றினாள். வேரில் கரைசல் இறங்கிய கணமே கொடி முறுக்கு விட்டு நீண்டது. மேகலா நடந்தாள். மகள் நின்றால் தாய் ஊற்றினாள், கொடி நீண்டால் மகள் நடந்தாள். அப்போதுதான் மயிலாத்தாவுக்கு விளங்கியது, தன்னால் பஸ் ஸ்டாண்டுவரைகூடப் போய் மகளை ஏற்றிவிட முடியாது. ஊற்றுகிற கை மாடியில் இருந்தால்தான் மகளின் கால் நகரும். வேறு யாரையாவது ஊற்றச் சொல்லலாம் என்று ஹசீனா சொன்னாள், மயிலாத்தா வாளியைக் கொடுக்கவில்லை.

மற்றதெல்லாம் அவள் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பஸ்ஸில் கண்டக்டர், காய்க்கு டிக்கெட் ஒன்றும் வேண்டாம், இந்தக் கொடிக்கு மறுமுனை எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். எங்கம்மாகிட்டீங்க என்றாளாம் மேகலா. அவர் மேலே கேட்காமல், கொடி நசுங்காத அளவுக்கு இடம் விட்டு ஜன்னல் கண்ணாடியை மூடினாராம். பல்லடத்தில் தறிக்காரர்கள் வெளியே வந்து, ரோட்டில் கிடந்த கொடியை லாரி ஏறாமல் ஓரத்தில் எடுத்துப் போட்டார்கள். காமநாயக்கன்பாளையத்தில் ஒரு கோழிக்கடைக்காரர் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக்கொண்டு தாண்டினார். நெகமத்தில் தென்னந்தோப்புக்குத் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் இதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மடை திருப்பினார்கள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் மேகலா காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வால்பாறை பஸ்ஸுக்கு மாறியபோது, குறுக்கே வந்த பஸ்கள் ரயில்வே கேட்டில் நிற்பதுபோல் வரிசையாக நின்றன. ஆழியாறு சோதனைச் சாவடியில் தடுப்புக்கம்பைத் தூக்கியவர் அதை இறக்காமலே கட்டிவைத்தார். போன இடமெல்லாம் கொடி கணுவுக்குக் கணு பூத்துக்கொண்டே போனதாம்.

மாடியில் வெயில் உச்சிக்கு வந்தது. காம்பவுண்டுப் பெண்கள் குழாயிலிருந்து மாடிவரை வரிசையாக நின்று நல்ல தண்ணியைக் குடம் குடமாகக் கைமாற்றினார்கள். வாளியிலிருந்த மீன் கரைசல் பாதியாகி, காலாகி, அகப்பையால் வழிக்கிற அளவுக்கு வந்தது. அரப்பு மோர் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. மலை ஏறத்தொடங்கிய பிறகு கொடி முன்னைவிட அதிகம் கேட்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் தரையில் ஓடுவதைவிட இரண்டு மடங்கு நீள வேண்டியிருந்தது.

போன் அடித்தது.

"அம்மா, கொடி இறுக்குது. பஸ்ஸு நகர மாட்டேங்குது."

பின்னால் இன்ஜின் உறுமுவதும், யாரோ ஒரு பெரியவர் "அறுத்து எறிங்கப்பா" என்பதும், அறுக்கப் போனவர் "எங்கீங்க, கத்திதா மொக்கையாவுது" என்பதும் கேட்டன.

"டிரைவரண்ணன் சொல்றாரும்மா, ஏத்தத்துல ரொம்ப நேரம் நிறுத்த முடியாதாம். வர்லீன்னா என்னைக் காயோட எறக்கி, கீழ போற வண்டில ஏத்தி உட்டர்றேங்கறாரு."

மயிலாத்தா வாளிக்குள் பார்த்தாள். அடியில் ஒரு கை அளவு இருந்தது. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் போதும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பாவம் அந்தப் பொம்பளை முடிந்தவரைக்கும் ஊற்றினாள் என்றுதான் ஊர் பேசும். இருட்டுக்கு முன்னால் பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிடும், காயோடு, கொடியோடு, குளித்த தலையோடு. சிறுத்தை அதுபாட்டுக்கு இருந்துகொள்ளும். மழையும் அட்டையும் வேறு யார் பெற்ற பிள்ளையையோ பார்த்துக்கொள்ளட்டும். பக்கத்தில் நின்ற ஹசீனா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ரயில் வருகிறதா என்று பார்ப்பவள்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போனில் மேகலா மூச்சுவிடுவது கேட்டது. ஊற்று என்று அவள் சொல்லவில்லை. ஊற்று என்று கேட்டிருந்தால் மயிலாத்தா கோபப்பட்டிருப்பாள், கோபத்தில் வாளியைத் தூக்கி எறிந்தும் இருப்பாள். அந்தப் பெண் சும்மா இருந்தாள். சின்னவளாய் இருந்தபோது சைக்கிள் பழகுகையில், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிற அம்மா எப்போது விடுவாள் என்று திரும்பிப் பார்க்காமல் இருந்தாளே, அப்படி.

"இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு மயிலாத்தா போனைக் கைப்பிடிச்சுவரில் வைத்தாள். தண்ணி கலக்கவில்லை, அளவு பார்க்கவில்லை. வாளியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, வழித்த விரலை வேரிலேயே துடைத்து, பிறகு வாளியைக் கழுவி அந்தக் கழுநீரையும் ஊற்றி, அதன் மேல் வரிசையிலிருந்து வந்த ஒரு குடம் தண்ணியையும் சாய்த்தாள். அரசாணிக்கொடி வேரிலிருந்து ஒருமுறை நடுங்கியது. அந்த நடுக்கம் கைப்பிடிச்சுவரைத் தாண்டி, சந்தைத் தாண்டி, பல்லடம் ரோட்டை நோக்கி ஓடுவதை எல்லாரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சுவரில் கிடந்த போனுக்குள் இன்ஜின் சத்தம் மாறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மயிலாத்தா காலி வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து வா, ஒரு வாய் தின்னு என்று எத்தனை பேர் கூப்பிட்டும் அவள் எழவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி போன் வந்தது. மேகலா போய்ச் சேர்ந்துவிட்டாள். குவார்ட்டர்ஸில் அவளையும் சேர்த்து நாலு பெண் காவலர்கள். குளிர்கிறதாம். கதவுக்கு அடியில் கொடிக்கு வழிவிட்டுத்தான் சாத்த வேண்டியிருக்கிறதாம். இன்றைக்குப் பூராவும் காட்டுக்குள் நடந்த களைப்பில் மற்ற மூணு பேரும் சமைக்கவில்லை, எல்லாரும் இந்தக் காயைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்.

"ஆனா இது எந்தப் பாத்திரத்துக்குள்ளயும் போவாதும்மா, அத்தனை பெருசு. வெட்டித்தா ஆக்கோணும். வெட்ட வராதே?"

மயிலாத்தா வேர்ப்பக்கம் பார்த்தாள். மண் காய்ந்திருந்தது. ஊற்ற ஒன்றும் இல்லை. வருமா வராதா என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தமாதிரிச் சொன்னாள்.

"வரும். வெட்டு."

"நெசமாவா?"

"வெட்டு புள்ள."

போனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கெட்டித் தோலில் கத்தி இறங்கும் சத்தம், டொக்கென்று. மயிலாத்தாவின் காலடியில் விறைத்துக் கிடந்த கொடி தளர்ந்து தரையில் படிந்தது. அங்கே யாரோ "ஆத்தாடி, உள்ள என்னா நெறம்" என்றார்கள். மேகலா சிரித்தாள். ஒருத்தி கடுகு இல்லை என்றாள், இன்னொருத்தி சீரகம் போதும் என்றாள், அடுப்பு பற்றவைக்கிற சத்தம் வந்தது. மேகலா போனை மறந்துவிட்டாள்.

அரசாணிக்காய்க்குத் தண்ணி அதிகம் வைக்காதே, அது தானாகவே தண்ணி விடும், உப்பைக் கடைசியில் போடு என்று மயிலாத்தாவுக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் நாலு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரு தட்டு விழுந்தது, யாரோ தள்ளி உட்காரச் சொன்னார்கள், மேகலா "தண்ணி ஊத்திட்டேன், போதுமா?" என்று யாரிடமோ கேட்டாள். போதும் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

அதுவரையில் அந்த வீட்டில் எந்தப் பேச்சையும் முதலில் முடித்துப் பழக்கமில்லாத மயிலாத்தா, போனைக் காதிலிருந்து எடுத்து, சிவப்புப் பொத்தானைத் தேடி, தானே அமுக்கினாள்.